நெல்லிக்குப்பத்துக் காலை மாத்திரை

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் சொன்ன பொய்களுக்கு அளவே கிடையாது. அதையெல்லாம் நம்புவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

அப்போது எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் கடை. ரிப்பேரான மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் தொழில். செம்புக் கம்பியை ஒரு சுற்றுகூடப் பிசகாமல் சுற்ற வேண்டிய வேலை. எனக்கோ காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒயின்ஷாப் திறந்து ஒரு கட்டிங் உள்ளே போன பிறகுதான் கை நிற்கும். அதனால் அதை மருந்துக் கணக்கில் வைத்திருந்தேன். பாதம் இரண்டும் மரத்துப் போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பேன். மோட்டார் தூக்கித் தூக்கி நரம்பு பிசகிவிட்டது என்று அதற்கொரு காரணம். கண்ணில் மஞ்சள் தெரிந்தபோது வெயில் சூடு என்றேன். "எதக் கேட்டாலும் ரெடியா ஒரு பதில் வச்சிருக்கீங்க" என்பாள் மனைவி. உண்மைதான். பதில் சொல்வதில் மட்டும் எனக்குக் கை நடுங்கியதே இல்லை.

2010 கோடையில் அவள் என்னைக் கயிறு கட்ட அழைத்துப் போனாள். எங்கள் பக்கத்தில் குடியை விட வேண்டுமென்றால் முதலில் இதைத்தான் செய்வார்கள். இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் கெடு சொல்லிக் கையில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கெடு முடிவதற்குள் தொட்டால் சாமி சும்மா விடாது. ஆறு மாதம் என்று சொன்னேன். அது போதாதென்று, "புள்ள மேல சத்தியம் பண்ணுங்க" என்றாள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது எட்டாவது முடித்திருந்தாள். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இந்தத் தடவை நிஜமாகவே செய்தேன். அன்றைக்கே அடியோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் சட்டை பிழியும் அளவுக்கு வேர்த்தது. தூக்கம் ஒரு பொட்டு இல்லை. சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது, தட்டிவிடு என்று மகளைச் சத்தம் போட்டேன். அவள் வெறும் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது கையில் யாரோ வலிப்புக்கென்று சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். சுற்றிலும் தெருவே நின்றது.

"கயிறு கட்டிக்கிட்டு மறைவாக் குடிச்சிருக்காரு. சாமி கையோட காட்டிடுச்சி பாத்தியா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நான் குடிக்கவில்லை என்று சொன்னேன். வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததால் பேச்சு குழறியது. என் பேச்சு குழறினால் என்ன அர்த்தம் என்று என் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மறுபடியும் சொன்னேன், இன்னும் மோசமாகக் குழறியது. மனைவி என் பக்கத்தில்கூட வரவில்லை. "புள்ள மேல சத்தியம் பண்ணீங்களே" என்று மட்டும் கேட்டாள். அன்று மத்தியானமே மகளை அழைத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குடிக்காமலே குடிகாரன் பட்டம் கிடைத்தாயிற்று, பிறகு எதற்கு விரதம் என்று அன்று சாயங்காலம் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். நடுக்கம் நின்றது, எறும்புகளும் போய்விட்டன. குடித்தால்தான் உடம்பு நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அதன் பிறகு வீட்டில் நானும் டிவியும்தான். சத்தத்துக்காக அது ஓடிக்கொண்டே இருக்கும். சமையல் கிடையாது. சாப்பிட்டால் வயிறு ஏற்றுக்கொள்ளவும் இல்லை. ஒரு மாதத்தில் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, வாந்தியில் ரத்தக் கீற்று தெரிந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, ஈரல் கெட ஆரம்பித்துவிட்டது, சிதம்பரத்தில் குடிநோய்க்கென்றே வைத்தியம் பார்க்கிறார்கள், இன்றைக்கே போ என்றார். பஸ் ஏறித் தனியாகப் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. எத்தனை வருடமாக, எவ்வளவு, காலையில் எழுந்ததும் குடிப்பதுண்டா என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. திட்டாமல் ஒருவர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் நானும் பொய் சொல்ல மறந்துவிட்டேன். கடைசியில் கேட்டார்: "கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லைங்க."

"அட்மிட் பண்ணணும்னா கூட ஒருத்தர் தங்கணும். நிறுத்துற முதல் வாரத்துல வலிப்பு வரலாம், நெனவு தப்பலாம். பக்கத்துல ஆள் இல்லாம முடியாது. யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்களா திடீர்னு நிறுத்திப் பாக்காதீங்க."

யாரையாவது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து என் மனிதர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். குறிஞ்சிப்பாடியில் அண்ணன் இருந்தார். போன் செய்தால் அண்ணிதான் எடுத்தாள், அவர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னாள். பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்டது. தினம் கூட உட்கார்ந்து குடித்த கூட்டாளிகளில் ஒருவன், "நான் இருக்கேன் மச்சான், உனக்கு இல்லாததா" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் தவறாமல் வந்து சேர்ந்தான். நிற்க முடியாத போதையில் வந்தான். ஆஸ்பத்திரி என்றதும் பயமாக இருந்ததாம், அதனால் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தானாம். அவனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் புரிந்தது: ஒரு வாரம் என்னோடு தங்க இந்த உலகத்தில் எனக்கென்று ஆள் இல்லை.

வேறு வழியில்லாமல் நெல்லிக்குப்பத்துக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "தாத்தாகிட்ட சொல்றேன்ப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு துணிப்பை, சுருட்டிய பாய். என்னை ஒரு தடவை பார்த்தார். சிதம்பரம் பஸ்ஸில் ஏறி எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டும்வரை அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

வார்டில் என் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டார். கஞ்சி வாங்கி வந்தார், பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார், என் வாந்தியைத் துடைத்தார். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே நர்ஸிடம், "அந்தாளு இட்லி சாப்புடுவாரான்னு கேளுங்கம்மா" என்பார். அவள் என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன்.

சேர்த்த அன்றே டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். இதற்கு முன்னால் நிறுத்தியதுண்டா என்று கேட்டார். கயிறு கட்டியதையும் மூன்றாம் நாள் விழுந்ததையும் சொன்னேன்.

"அது குடிச்சதால வந்த வலிப்பு இல்ல. நிறுத்துனதால வந்தது" என்றார். மாமனாரைப் பார்த்துத்தான் சொன்னார். "வருஷக்கணக்கா குடிச்ச உடம்பு, மூளை அதுக்குப் பழகிடுது. திடீர்னு நிறுத்துனா தாங்காது. நடுக்கம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரும். சில பேர் செத்தே போயிடுறாங்க. நிறுத்தணும், ஆனா மருந்து குடுத்து நிறுத்தணும். கயிறு கட்டுறது தப்புன்னு சொல்லல. கட்டிக்கிட்டு நேரா இங்க வந்திருக்கணும்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு துண்டின் ஓரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். எனக்கு அந்த நேரம் ஒரே ஒரு நினைப்புதான். இதை அவர் தன் மகளிடம் சொல்வாரா? நான் பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஈரலைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வாய் விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை.

வைத்தியம் நான் பயந்ததுபோல் இல்லை. முதல் நாட்களில் நடுக்கத்துக்கு மாத்திரை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். நரம்புக்காக வைட்டமின் ஊசி. குடியினால் உடம்பில் அந்தச் சத்து அற்றுப் போயிருக்கிறது, பாதம் மரத்ததும் அதனால்தான் என்றார்கள். தெளிந்த பிறகு தினமும் ஒருவர் உட்கார்ந்து பேசுவார். எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, யாரைப் பார்த்தால் தோன்றுகிறது, அந்த நேரத்தில் வேறென்ன செய்யலாம் என்று. எனக்கு எந்த நேரத்திலும் தோன்றியது, யாரைப் பார்த்தாலும் தோன்றியது. அதையும் சொன்னேன்.

மஞ்சள் இறங்கி, ரத்தப் பரிசோதனை சரியாக வந்த பிறகுதான் டாக்டரம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசினார். குடிக்கும் ஆசையைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு, அதை நானே போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று வேறு மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருக்க வேண்டும். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த கம்மாபுரத்துக்காரருக்கு அவர் மனைவி இதைத்தான் யாரோ சொன்னார்கள் என்று சாம்பாரில் கலந்து கொடுத்திருக்கிறாள். ஒன்றும் தெரியாமல் அவர் போய்க் குடிக்க, ஆம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது என்று டாக்டரம்மா அந்த அம்மாவைக் கடிந்துகொண்டது வார்டு முழுக்கக் கேட்டது.

"இது எழுதணும்னா தினம் காலையில யாராவது கையால எடுத்துக் குடுத்து, முழுங்குறதப் பாக்கணும்" என்றார் என்னிடம். "வீட்ல யாரு குடுப்பாங்க?"

வீட்டில் நானும் டிவியும்தான் என்றேன். தனியாக இருக்கிறவருக்கு இதை எழுத முடியாது என்று அவர் பேனாவை மூடும்போது, "நான் குடுக்குறேங்க" என்றார் மாமனார். "எங்கூடு நெல்லிக்குப்பம். தெனம் காலையில அவரு பஸ்ஸுல வந்து போட்டுக்கிட்டுப் போவட்டும்."

அப்படித்தான் தினமும் காலையில் நெல்லிக்குப்பம் பஸ் பிடிப்பது என் பிழைப்பாயிற்று. வீட்டுக்கு முன்னால் இரும்புக் கேட் இருக்கும். அதற்கு வெளியே நிற்பேன். மாமனார் ஒரு கையில் தம்ளரும் ஒரு கையில் மாத்திரையுமாக வருவார். நான் முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவேன். நாக்கைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டிப் பார்ப்பார். பிறகு காற்றிடம் சொல்வதுபோல் "நாளைக்கி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட் திறந்ததில்லை.

உள்ளே குக்கர் விசில் அடிக்கும். பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு மனைவி கோபமாக இருக்கிறாளா, உடம்பு சரியில்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள்கூட அவள் வெளியே வரவில்லை. மகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவாள், "வரேன்ப்பா" என்பாள், போய்விடுவாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மறுநாள் காலைவரை ஓட்டுவேன். குடிக்காதவனுக்கு இந்த ஊரில் சாயங்காலம் போக இடம் கிடையாது. கூட்டாளிகள் என் கடைப் பக்கமே வரவில்லை, கூட்டாளி என்று நான் நினைத்ததே அந்தப் பாட்டிலைத்தான் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போவேன். அங்கே ஒவ்வொருவரும் மனைவியை அழைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன்.

கை நடுக்கம் நின்றுவிட்டது. காயில் மறுபடி ஒழுங்காக விழுந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், தீபாவளிக்கு முன்னால் சிதம்பரத்துக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா சந்தோஷமாகச் சிரித்தார். ஈரல் நன்றாகத் தேறிவிட்டது, அந்தப் பயமுறுத்தும் மாத்திரை இனி வேண்டாம், அதை ரொம்ப நாள் போடுவதும் ஈரலுக்குச் சுமைதான், மற்ற மாத்திரையும் கூட்டமும் போதும் என்றார். அதையே தொடர்ந்து எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சினேன். ஏன் என்று கேட்டார். பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது?

கடலூரில் இறங்கியதும் அவர் நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அன்று "நாளைக்கி" என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பழக்கத்தில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான், போவதற்கு வேலையில்லை என்பது உறைத்தது. வா என்று யாரும் சொல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது? மருமகன் என்றா, நோயாளி என்றா? எனக்கும் ரோஷம் இருக்கிறது. போகவில்லை. தீபாவளி போயிற்று. மகள் போன் செய்தாள், வைத்துவிட்டாள். குடிக்க வேண்டும் என்று நாக்கு கேட்டதைவிடப் பேச வேண்டும் என்று கேட்டதுதான் அதிகம். சில நாள் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவரிடம் மின்சாரம் எப்படிக் காயிலில் ஓடுகிறது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. கடலூரே சின்னாபின்னமாகிவிட்டது. விடிந்து பார்த்தால் என் கடையின் கூரை எதிர்த்தெருவில் கிடந்தது. நான் அதை எடுக்கக்கூடப் போகவில்லை. போன் ஒன்றும் வேலை செய்யவில்லை. பஸ்ஸும் இல்லை. காற்று அடங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செம்மண்டலம், கோண்டூர், வரக்கால்பட்டு என்று வழியெல்லாம் மரமும் கம்பமும் ரோட்டில் குறுக்கே கிடந்தன. மிதித்ததைவிடச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டியதுதான் அதிகம். நெல்லிக்குப்பம் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது.

வீடு நின்றது. தெருவோர வேப்பமரம் கேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. கிளைகளுக்கு அந்தப் பக்கம் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முகத்துக்கு முகம் பார்க்கிறேன். இளைத்திருந்தாள்.

"ஊதுங்க" என்றாள்.

இலைகளுக்கு நடுவில் முகத்தை நீட்டி ஊதினேன். முகர்ந்து பார்த்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலியா?"

"கடை எதுவும் தொறக்கல. உங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவலியே?"

அவள் முகத்துக்கு முன்னால் இருந்த கிளையை விலக்கினாள். "மாத்திரைய நிறுத்துனதும் வர்றதயும் நிறுத்திட்டீங்க. தெனம் காலையில வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். திரும்ப ஆரம்பிச்சிட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

"வரச்சொல்லி யாரும் கூப்புடலியே."

"வராதீங்கன்னு யாரு சொன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினேன். "அன்னைக்கி நான் குடிக்கல. கயிறு கட்டுன பொறவு ஒரு சொட்டு தொடல. நீ நம்பல."

"தெரியும்" என்றாள். "டாக்டரு சொன்ன அன்னைக்கே அப்பா ஆஸ்பத்திரி வாசல்லேருந்து போன் பண்ணிட்டாரு. 'தப்பு பண்ணிட்டோம்மா'ன்னு அழுதாரு."

சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று நான் தவம் கிடந்த விஷயம் முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "தெரிஞ்சுமா வரல?" என்றேன்.

"அந்த ஒரு நாளு நீங்க பொய் சொல்லல. அத நம்பிட்டேன்" என்றாள். "மத்த நாளுக்கெல்லாம் நான் என்னா பண்றது? எனக்கு இன்னும் ஆறல. அங்க வந்து இருக்க இப்ப என்னால முடியாது."

என்னிடம் எப்போதும் ரெடியாக இருக்கும் பதில் ஒன்றும் வரவில்லை. அவள் சொன்னது நியாயம். கேட்கத்தான் வலித்தது.

மாமனார் வெட்டுக்கத்தியோடு பின்பக்கமிருந்து வந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "மாப்ள, அந்தக் கிளைய அப்பிடியே அழுத்திப் புடிங்க" என்றார். எனக்குக் கண் கலங்கியது, மரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். பொழுது சாயும்வரை வெட்டினோம். பாதி மரம்தான் அகற்ற முடிந்தது. மகள் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள். "நாளைக்கு வருவீங்களா?"

"வரேன். மரம் பாக்கி இருக்கே."

"மரம் கெடக்கட்டும். மரம் முடிஞ்சாலும் வாங்க" என்றாள். "காலையில அந்த நேரத்துக்கு நீங்க வர்லன்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கரண்ட் இல்லாத ரோட்டில், ஊர் முழுக்க இருட்டில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கோண்டூர் தாண்டும்போது வாய்விட்டு அழுதேன். கேட்பதற்கு ஆள் இல்லாதது அன்றைக்கு ஒருநாள் வசதியாக இருந்தது. அவள் என்னோடு வந்து இருக்கப் போவதில்லை, அது தெரிந்துவிட்டது. ஆனால் நான் வரத் தாமதமானால் பதறுகிற ஒருத்தி அந்தக் குக்கர் சத்தத்துக்குப் பின்னால் தினமும் நின்றிருக்கிறாள். இது தெரியாமல் இரண்டு மாதம் ரோஷம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.